மின்சாரம் போன பிறகும் நிற்கிற எழுத்து



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாலிடெக்னிக்கில் என்னிடம் சி மொழி படித்தவர்களுக்கு முழுவதும் புரியும். சொந்தக்காரர்கள் நடுவில் வரும் சில பத்திகளைத் தாண்டிப் போனாலும் விஷயம் விட்டுப்போகாது. இதில் ஒரு மோட்டார் இருக்கிறது, ஒரு கடன் பாக்கி இருக்கிறது, இருபது வருடப் பழக்கம் ஒன்று இருக்கிறது. இம்மூன்றையும் காப்பாற்றியது ஒரு சின்ன டேட்டாபேஸ். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் தங்கை வீட்டுக்காரர் உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கிணற்று மேட்டில் 7.5 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார். ஒரே வருடத்தில் அது இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் காயில் கட்டிக் கொடுத்தவர் பக்கத்து ஊரில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக இவர்கள் வீட்டு மோட்டாரை அவர்தான் பார்க்கிறார். இரண்டாவது முறை எரிந்ததும் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மட்டமான கம்பி போட்டுட்டானுங்க மச்சான். முன்னெல்லாம் ஒரு தரம் கட்டுனா எட்டு வருஷம் ஓடும்" என்றார்.

கடைக்காரர் சொன்னது வேறு. கருகிய மோட்டாரைத் திறந்து காட்டி, "மூணு தொகுதியில ஒண்ணுதானுங்க கருகியிருக்கு, மத்த ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு பாருங்க. என்ற காயில் தப்புன்னா இப்படி எரியாது. ஓடும்போது எங்கயோ ஒரு பேஸ் விட்டுப்போகுது" என்றாராம். லைன் பார்க்க வந்தவரோ மூன்று பேஸையும் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். யார் சொல்வதை நம்புவது?

மூன்று பேர் தூக்கும் சுமையை நடுவழியில் ஒருவர் விட்டுவிட்டால் என்ன ஆகும்? மற்ற இருவர் தோளில் பாரம் ஏறும். மூன்று பேஸ் மோட்டாரும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் அறுந்தால் அது உடனே நின்றுவிடாது. உறுமிக்கொண்டே ஓடும். மற்ற இரண்டு கம்பிகளில் கரன்ட் ஏறக்குறைய 1.73 மடங்கு ஆகும். சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். இதைத் தடுக்க ப்ரிவென்டர் என்று ஒரு பெட்டி உண்டு. மாப்பிள்ளை வீட்டிலும் இருந்தது. அது மின்னழுத்தத்தைப் பார்க்கும் வகை. அது பார்க்கும் இடத்தில் மூன்று பேஸும் சரியாக இருந்தால், அதற்கு அப்பால் எது அறுந்தாலும் அதற்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் என் பழைய மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். 2009 பேட்ச். கோவையில் எம்பெடட் வேலை பார்க்கிறாள். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உங்களில் பலர் கண்டுபிடித்துவிடுவீர்கள், பின்னூட்டத்தில் எழுதிவிடாதீர்கள். "சார், ஒரு ராஸ்பெர்ரி பையை வைத்து மூன்று வோல்டேஜ், மூன்று கரன்ட் எல்லாவற்றையும் பதிவு பண்ணிப் பார்த்துவிடலாமே" என்றாள். மெயினுக்குப் பிறகு, ஸ்டார்ட்டருக்கு முன்னால் வோல்டேஜை அளக்க ஓர் இணைப்பு. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும் ஒவ்வொரு கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர். மெயினுக்குப் பிறகு வரும் ஆர் பேஸிலிருந்தே பைக்கும் மின்சாரம். வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் செய்தார். அதை மட்டும் யாரும் நீங்களே முயற்சி செய்யாதீர்கள்.

நிரலை அவள் சி மொழியில் எழுதினாள். முதல் வடிவம் நீங்கள் எல்லோரும் எழுதக்கூடியதுதான். ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திற, நொடிக்கு ஒரு வரி எழுது. நேரம், மூன்று வோல்டேஜ், மூன்று கரன்ட், நடுவில் கமா. மூன்று வாரம் அழகாக ஓடியது. பிறகு ஒரு ராத்திரி மூன்றாவது முறையாக மோட்டார் எரிந்தது. காயில் ஷார்ட் ஆகி, மெயினில் இருந்த பியூஸ் போய், பையும் அணைந்துவிட்டது.

மறுநாள் கோப்பைத் திறந்து பார்த்தோம். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வரிகள் இருந்தன. அதன் பிறகு பாதி வரி. அதன் பிறகு வெறும் பூஜ்யப் பைட்டுகள். எந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு வேண்டுமோ அந்த இரண்டு நிமிடம் அதில் இல்லை.

இதை நன்றாகக் கவனியுங்கள். பதிவு செய்ய வேண்டிய நொடியும், பதிவு செய்யும் கருவிக்கு மின்சாரம் போகும் நொடியும் ஏறக்குறைய ஒன்றுதான். மோட்டாருக்கு மட்டும் இல்லை, விபத்தைப் பதிவு செய்யும் எந்தக் கருவிக்கும் இதுதான் நிலைமை. எல்லாம் நன்றாக ஓடும்போது எழுதிய கணக்கால் பெரிய பயன் இல்லை. கெட்டுப்போகும் அந்த நேரத்துக் கணக்குதான் வேண்டும்.

ஏன் போனது? நிரலில் எஃப்-பிரின்ட்-எஃப் என்று எழுதிய உடனே எழுத்து மெமரி கார்டுக்குப் போவதில்லை. முதலில் சி நூலகம் வைத்திருக்கும் ஒரு பஃபருக்குப் போகிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் 4096 பைட். எங்கள் வரி ஒன்று சுமார் 60 பைட். அப்படியானால் அறுபதுக்கும் மேற்பட்ட வரிகள், அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேலான கணக்கு, நிரலின் கையிலேயே இருக்கிறது. பஃபர் நிரம்பியதும் கெர்னலிடம் போகிறது. கெர்னலும் உடனே கார்டில் எழுதாது, சாதாரணமாக அரை நிமிடம் வரை வைத்திருந்து எழுதும். எஃப்-ஃபிளஷ் போட்டால் முதல் படி மட்டும் தாண்டும். எஃப்-சிங்க் போட்டால்தான் கார்டு வரை போகும். எழுதினேன் என்பது வேறு, எழுதியது நின்றது என்பது வேறு.

"அப்படியானால் வரிக்கு வரி எஃப்-சிங்க் போட்டால் தீர்ந்தது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. வரி தப்பிக்கும். ஆனால் பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பாதி வரிதான் இருக்கும். திரும்பத் தொடங்கும்போது அந்தப் பாதி வரியை என்ன செய்வது என்று நீங்களே நிரல் எழுத வேண்டும். அதோடு எங்களுக்கு வரிகள் மட்டும் போதவில்லை. பேஸ் விட்டுப்போகும் அந்த ஒரு நொடியின் அலை வடிவமும் தேவைப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஒரு சுற்றுக்கு 64 முறை அளந்தால் நொடிக்கு 3,200 அளவுகள். ஆறு சேனல், ஒவ்வொரு அளவும் 2 பைட். மொத்தம் 38,400 பைட். இதையே கமா போட்டு எழுத்தாக எழுதினால் மூன்று மடங்கு ஆகும், திரும்ப எண்ணாக மாற்றும் வேலை வேறு. இது பைனரியாகவே இருக்க வேண்டிய தரவு.

பைனரி என்றதும் உங்களுக்கு எஃப்-ரைட் ஞாபகம் வரும். ஒரு ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டுவது. தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு, வயலில் அதற்கு ஆயுள் குறைவு. ஒரு கேரக்டரும் ஒரு டபுளும் உள்ள ஸ்ட்ரக்டை ஒரு கணினி 16 பைட்டாக வைக்கும், இன்னொன்று 12 பைட்டாக வைக்கும். நடுவில் நிரப்பும் காலிப் பைட்டுகள் கம்பைலரின் இஷ்டம். அடுத்த மாதம் ஸ்ட்ரக்டில் புதிதாக ஒரு உறுப்பைச் சேர்த்தால் பழைய கோப்பு படிக்காது. நடுவில் ஒரு பைட் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ளது அத்தனையும் தடம் புரண்டுவிடும். டெக்ஸ்ட் கோப்பிலாவது அடுத்த வரி தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

இங்கேதான் அவள் எஸ்க்யூலைட்டைக் கொண்டுவந்தாள்.

பெயரைப் பார்த்து இது ஆரக்கிள் மாதிரி பெரிய சர்வர் என்று நினைக்க வேண்டாம். சர்வரே கிடையாது. சி மொழியில் எழுதிய ஒரு நூலகம். உங்கள் நிரலோடு சேர்த்துக் கம்பைல் செய்தால் அது உங்கள் நிரலின் ஒரு பகுதி ஆகிவிடும். முழு மூலமும் ஒரே சி கோப்பாகக் கிடைக்கிறது. தரவு முழுவதும் வட்டில் ஒரே கோப்பு. அந்தக் கோப்பை எடுத்து வேறு வகைக் கணினியில் வைத்தாலும் திறக்கும். எம்பெடட் டேட்டாபேஸ் என்று சொல்வது இதைத்தான்.

இது பிறந்த இடமும் நம் கதைக்குப் பொருந்துகிறது. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர் அங்கே கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருள் வேலையில் இருந்தார். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பி ஓடியது. சர்வர் படுத்துவிட்டால் "டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை" என்ற செய்திதான் திரையில் வரும். கப்பலில் அடிபட்டு ஒரு பகுதி கெட்டிருக்கும்போது, மீதி இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய நேரத்தில் இந்தச் செய்தி யாருக்கு உதவும்? சர்வரே இல்லாமல் வட்டிலிருந்து நேராகப் படித்தால் என்ன என்று யோசித்தார். 2000-ஆம் ஆண்டு எஸ்க்யூலைட் வந்தது. காப்புரிமையே வேண்டாம் என்று பொதுச் சொத்தாக விட்டுவிட்டார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் இருக்கிறது. 2050 வரை பராமரிப்போம் என்று அதன் ஆட்கள் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் வைக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதையும் சேர்த்திருக்கிறது.

மின்சாரம் போனாலும் இது எப்படித் தப்பிக்கிறது? ஆசிரியர் வேலை பார்த்தவன் நான், மதிப்பெண் பதிவேட்டை வைத்தே சொல்கிறேன். பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு தனித்தாளில் நகல் எடுத்து மேசையில் வைக்கிறேன். பிறகு பதிவேட்டில் திருத்துகிறேன். முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடுகிறேன். நடுவில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் வருகிறவர் மேசையில் தாள் இருப்பதைப் பார்ப்பார். தாள் இருக்கிறது என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். தாளில் உள்ளதைப் பார்த்துப் பதிவேட்டைப் பழையபடி ஆக்கிவிடுவார். பாதித் திருத்தம் என்ற நிலையே இருக்காது. எஸ்க்யூலைட் ஒவ்வொரு டிரான்சாக்ஷனிலும் இதைத்தான் செய்கிறது. அந்தத் தாளுக்கு ரோல்பேக் ஜர்னல் என்று பெயர்.

2010-இல் இன்னொரு முறையும் வந்தது. அதற்கு வால் என்று பெயர். ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம். இதில் பதிவேட்டை உடனே தொடுவதில்லை. திருத்தங்களை எல்லாம் தனித்தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே போவது, நேரம் கிடைக்கும்போது மொத்தமாகப் பதிவேட்டில் ஏற்றுவது. ஒருவர் எழுதும்போதே இன்னொருவர் படிக்கலாம். எங்களுக்கு இது வசதி. கருவி எழுதிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கேள்வி கேட்டுப் பார்க்க முடியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வால் முறையில் சிங்க்ரனஸ் என்ற அமைப்பை நார்மல் என்று வைத்தால் வேகம் கிடைக்கும், கோப்பும் கெடாது. ஆனால் மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய சில டிரான்சாக்ஷன்கள் காணாமல் போகலாம். பலருக்கு அது பரவாயில்லை. எங்களுக்குக் கடைசி சில நொடிகள்தானே உயிர்? ஆகவே ஃபுல் என்று வைத்தாள். ஒவ்வொரு கமிட்டுக்கும் கார்டு வரை எழுதிவிட்டுத்தான் திரும்பும்.

ஃபுல்லுக்கு ஒரு விலை உண்டு. எஸ்க்யூலைட் நொடிக்குப் பல்லாயிரம் வரிகளைச் சேர்க்கும், ஆனால் கமிட் அத்தனை முறை செய்ய முடியாது. ஒவ்வொரு கமிட்டும் வட்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்வரை காத்திருக்கிறது. மெமரி கார்டுக்கும் தேய்மானம். அவள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டார் ஒழுங்காக ஓடும்போது பத்து நொடிக்கு ஒரு கமிட், பத்து வரிகள் சேர்ந்து. மூன்று கரன்ட்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்த கணமே நொடிக்கு ஒரு கமிட். ஆபத்து வரும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதும்.

இனி பைனரி. அதற்கு பிளாப் என்ற தரவு வகை இருக்கிறது. நிரல் எழுதும் வரிசையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பிரிப்பேர். இன்சர்ட் வாக்கியத்தில் மதிப்புகள் வர வேண்டிய இடங்களில் கேள்விக்குறி போட்டு ஒரே ஒரு முறை தயார் செய்வது. அச்சடித்த படிவம் மாதிரி. பிறகு பைண்ட். படிவத்தின் காலி இடங்களை நிரப்புவது. பிறகு ஸ்டெப். படிவத்தை உள்ளே கொடுப்பது. பிறகு ரீசெட். அதே படிவத்தை அடுத்த வரிக்குத் தயார் செய்வது. எல்லாம் முடிந்த பிறகு ஃபைனலைஸ். ஒவ்வொரு முறையும் எஸ்-பிரின்ட்-எஃப் போட்டு வாக்கியத்தைப் புதிதாக ஒட்டாதீர்கள். அது மெதுவானது, ஆபத்தும்கூட. பைனரி தரவை அப்படி ஒட்டவும் முடியாது.

பிளாப்பை பைண்ட் செய்யும்போது நீளத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிங்-லென் போட்டால் தொலைந்தது. அலை வடிவத்தில் பூஜ்யப் பைட் எங்கும் வரும், முதல் பூஜ்யத்திலேயே அது நின்றுவிடும். திரும்ப எடுக்கும்போதும் அப்படித்தான். தரவைத் தர ஒரு ஃபங்ஷன், நீளத்தைத் தர ஒரு ஃபங்ஷன், இரண்டையும் கூப்பிட வேண்டும். கடைசி ஆர்கியுமென்ட் ஒன்று இருக்கிறது. ஸ்டேட்டிக் என்று கொடுத்தால், "இந்த பஃபர் இப்படியே இருக்கும், மாறாது" என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். டிரான்சியன்ட் என்று கொடுத்தால், "நீயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்" என்று சொல்கிறீர்கள். எங்கள் பஃபரில் அடுத்த நொடியின் அளவுகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஆகவே டிரான்சியன்ட்.

பிளாப் ஒரு மாயப் பெட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கொடுத்த பைட்டுகளை அது அப்படியே காக்கும். அவற்றின் பொருள் அதற்குத் தெரியாது. ஸ்ட்ரக்டை அப்படியே பிளாப்பில் கொட்டினால் பழைய தலைவலி அப்படியே கூட வரும். அவள் 16 பிட் முழு எண்களை ஒரே பைட் வரிசையில் வைத்து, அதே வரியில் பக்கத்துக் கட்டங்களில் சேனல் எத்தனை, நொடிக்கு எத்தனை அளவு, வடிவ எண் என்ன என்று எழுதி வைத்தாள். பத்து வருடம் கழித்து யார் திறந்தாலும் புரியும். 38,400 பைட் அளவுள்ள பிளாப்பை டேட்டாபேஸுக்குள்ளேயே வைப்பது நல்லது. பெரிய வீடியோவாக இருந்தால் தனிக் கோப்பில் வைத்து, அதன் பெயரை மட்டும் உள்ளே வைக்கலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இரண்டு. நாங்கள் வைத்த பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணையம் இல்லாத தோப்பில் அது நேரத்தைத் தப்பாகச் சொல்லும். தனியாகக் கடிகார மாடியூல் ஒன்று மாட்டினோம். அதோடு ஒவ்வொரு வரிக்கும் ஏறு வரிசையில் தானாக ஓர் எண் விழுகிற மாதிரி செய்தோம். நேரம் பொய் சொன்னாலும் வரிசை பொய் சொல்லாது. இன்னொன்று, மெமரி கார்டு. மட்டமான சில கார்டுகள் எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று சொல்லும். கார்டு பொய் சொன்னால் எஸ்க்யூலைட்டும் ஏமாறும். அதில் காசு பார்க்காதீர்கள்.

இதற்குள் கடைக்காரர் மூன்றாவது முறையும் காயில் கட்டிக் கொடுத்துவிட்டார். அந்தக் கூலி 6,500 ரூபாயை மாப்பிள்ளை கொடுக்கவில்லை. "இன்னொரு தரம் எரிஞ்சா டவுன்ல வேற கடைக்குத்தான் போவேன்" என்றும் சொல்லிவிட்டார். ஒரே சந்தைக்குப் போகிறவர்கள், பேச்சு நின்றுபோனது. என் தங்கைதான் வருத்தப்பட்டாள். "அவங்க வீட்டு விசேஷம் எதுக்கும் நாங்க போகாம இருந்ததில்லைண்ணா" என்றாள்.

புதிய நிரலை மாட்டிப் பதினொரு நாள். ராத்திரி 9.47. மாப்பிள்ளை தண்ணீர் திருப்ப வாய்க்கால் பக்கம் நின்றிருக்கிறார். மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது. உறுமல். மூன்று முறை சூடுபட்டவர் அல்லவா, ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டார். மோட்டார் நின்றது, பையும் அணைந்தது. நாங்கள் பயந்த அதே நிலைமைதான்.

மறுநாள் அவள் கோவையிலிருந்து வந்தாள். டேட்டாபேஸைத் திறந்தோம். மேசையில் கிடந்த தாள்களை எஸ்க்யூலைட் தானாகவே எடுத்துச் சரிசெய்துகொண்டது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பேஸில் கரன்ட் 1 ஆம்பியருக்குக் கீழேயும் மற்ற இரண்டில் 15-க்கு மேலேயும் உள்ள வரிகளைக் கொடு என்று ஒரு செலக்ட் வாக்கியம். வந்து விழுந்தன. அன்றைக்கு மட்டும் 38 வரிகள். அதற்கு முந்தைய நாட்களில் இரண்டு மூன்று நொடி மட்டும் விட்டுத் திரும்ப ஒட்டிக்கொண்ட இடங்கள் மூன்று. எல்லாமே பி பேஸ். கடைசி வரியில் ஆர் 19.1 ஆம்பியர், ஒய் 19.0, பி பூஜ்யம். வோல்டேஜ் மூன்றும் 410-ஐ ஒட்டி, ஒழுங்காக இருந்தன.

பிளாப்பை வரைபடமாகப் போட்டுக் காட்டினாள். பி பேஸின் அலை ஒரே வெட்டாக நிற்கவில்லை. ஏழெட்டுச் சுற்று நடுங்கி, விட்டு விட்டு வந்து, பிறகுதான் நின்றது. எங்கோ ஒரு காண்டாக்ட் பொறி விட்டுக்கொண்டே பிரிகிறது என்று பார்த்ததும் தெரிந்தது.

மாப்பிள்ளை பத்தாவது தாண்டாதவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "வோல்டேஜ் மூணும் வருது. கரன்ட் ஒண்ணு போகல. அப்ப நடுவுல இருக்கறது நம்ம ஸ்டார்ட்டர் பெட்டிதானுங்களே மச்சான்."

எலக்ட்ரீசியனை வைத்துத் திறந்தோம். ஒரு காண்டாக்ட் கருத்து, குழி விழுந்து, ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது. ஓவர்லோடு ரிலேயை எப்போதோ யாரோ கடைசி வரை திருப்பி வைத்திருந்தார்கள். 19 ஆம்பியருக்கு அது எப்படி விழும்? காண்டாக்ட் செட்டை மாற்றி, ரிலேயை மோட்டாருக்குச் சரியான அளவில் வைத்தார். இதுவரை மோட்டார் எரியவில்லை.

காயில் கடைக்காரர் முதல் நாளே சொன்னது சரி. அவர் பார்த்ததும் ஒரு பதிவுதான், கருகிய கம்பியில் எழுதியிருந்த பதிவு. அதைப் படிக்க அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் படிக்கக்கூடிய மொழியில் அதே சாட்சியை எழுதிக் கொடுத்தது அந்த 38 வரிகள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை 6,500 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் தோப்பிலிருந்து ஒரு மூட்டை தேங்காய் அந்த வீட்டுக்குப் போனது என்று தங்கை சொன்னாள்.

ஒரு மனிதர் மேல் விழுந்த சந்தேகம் தீர வேண்டுமானால் கணக்கு வேண்டும். கணக்கு நிற்க வேண்டுமானால், அது எந்த நொடியில் அறுந்தாலும் முழுதாக நிற்கும்படி எழுதியிருக்க வேண்டும். நிரல் எழுதும் பிள்ளைகள் இதைத் தொழில்நுட்பமாக மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பதிவை நம்பி யாரோ ஒருவர் இன்னொருவரைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்லப் போகிறார்.

வேலையில் இருப்பவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நெட்வொர்க் வழியாக நூறு பேர் எழுத வேண்டிய இடத்துக்குச் சர்வர்தான் சரி. சில கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள குட்டிச் சிப்களில் இது நுழையாது. பழைய வரிகளை அழித்தால் கோப்பு உடனே சுருங்காது, காலியான பக்கங்களை அது திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகல் எடுக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். வால் முறையில் பக்கத்திலேயே இன்னொரு கோப்பு இருக்கும், பெயரின் கடைசியில் வால் என்று ஒட்டியிருக்கும். புதிய வரிகள் அதற்குள்ளும் இருக்கலாம். வாலை வெட்டிவிட்டு மாட்டை மட்டும் ஓட்டி வராதீர்கள்.

பேட்டரி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். பிறகு ஒரு சின்ன பேட்டரியும் வைத்தோம். ஆனால் பேட்டரியும் ஒரு நாள் சாகும், நிரலும் ஒரு நாள் நடுவில் விழும், யாராவது ஒரு நாள் கார்டைப் பிடுங்குவார்கள். எழுதும் முறை சரியாக இருந்தால் இவை எதற்கும் பயப்பட வேண்டாம்.

கிணறும் மோட்டாரும் உள்ள சொந்தக்காரர்கள் இந்த வாரம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டரையும் ஓவர்லோடு ரிலேயையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு டேட்டாபேஸ் எதுவும் தேவையில்லை.

பழைய மாணவர்கள் யார் யார் இப்போது இந்த மாதிரி வேலையில் இருக்கிறீர்கள், உங்கள் கருவிகளில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். கண் கொஞ்சம் மங்கல், பதில் போடத் தாமதமாகும். ஆனால் எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்